வெயிலை அளந்த அன்னா மணி

மீமிசல் கரையில நின்னு பாருங்க. மழை விட்ட மறுநாள் வெயில் சுளீர்னு அடிக்கும். மத்த நாள்ல லேசா மங்கும். காத்துல மிதக்கிற கடலுப்பும் தூசியும்தான் காரணம். அதுக்குப் பேர் ஏரோசால்.

இந்த மங்கலை நம்ம நாட்டில் எண்ணாக்கியவர்களில் ஒருவர் அன்னா மணி. 1918-ல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். ராமனிடம் வைரத்தின் ஒளியை ஆராய்ந்து 5 கட்டுரைகள் எழுதியும், எம்.எஸ்சி. இல்லைன்னு சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரல. (அரியர் வெச்சவங்க கவனிக்க!)

1948-ல் வானிலைத் துறையில் சேர்ந்தவர், கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார். 1957-58-ல் சூரியக் கதிர்வீச்சு நிலையங்களை அமைத்தார். ஓசோன் அளக்கும் கருவி பலூனில் ஏறியது. வண்ண வடிகட்டி வழியா நேர்வெயிலை அளந்து, காத்து எவ்வளவு கலங்கியிருக்குன்னு கணக்கிட்டார்.

2001-ல் மறைந்தார். பட்டம் கிடைக்காத அந்த ஆய்வேடு பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் இருக்கு.