பாட்டுக்கு முன்னாடி கரண்ட்: மோட்டோரோலா பால் கால்வின் கதை

போன வருஷம் மாசி மகத்துக்கு பாகூரில் இருந்து திருக்காஞ்சிக்கு மாமாவோட குட்டி யானையில் கிளம்பினோம். முந்தின நாள் ராத்திரிதான் நாங்க பசங்களா சேர்ந்து அதில் ஒரு ஆம்ப்ளிஃபையரும் பெரிய சப்வூஃபரும் மாட்டியிருந்தோம். பேட்டரியில் இருந்து நேரா ஒரு மெல்லிசு வயர். ஃபியூஸ் கிடையாது. கரிக்கலாம்பாக்கம் தாண்டறதுக்குள்ள வயர் கருகுற வாடை வந்துடுச்சு. மாமா வண்டியை ஓரங்கட்டி பேட்டரி டெர்மினலைப் பிடுங்கினதால வண்டி தப்பிச்சது.

அன்னைக்கு வாங்கின திட்டுக்கு அப்புறம்தான், காரில் பாட்டு கேட்பதை சாதாரண ஜனங்களுக்குக் கொண்டு வந்தவர் யாருன்னு தேடிப் படிச்சேன். அவர் வேலையிலும் ஒரு தடவை தீப்பிடிச்ச கதை உண்டு. அதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்!

பால் கால்வின் 1895-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஹார்வர்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். பேர் ஒன்றுதான், அந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை. சிறுவனாக இருந்தபோது அந்த ஊர் ரயில் நிலையத்தில் வண்டி நிற்கும் நேரம் பார்த்து பாப்கார்ன் விற்றார். கல்லூரிக்குப் போனார், ஆனால் படிப்பை முடிக்கவில்லை. முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாக பிரான்ஸ் போய்த் திரும்பினார்.

1921-இல் ஸ்டூவர்ட் என்ற நண்பரோடு சேர்ந்து பேட்டரி கம்பெனி தொடங்கினார். இரண்டே வருஷத்தில் இழுத்து மூட வேண்டியதாயிற்று. கொஞ்ச நாள் ஒரு மிட்டாய் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, மறுபடி அதே நண்பரோடு தொழிலில் இறங்கினார். இந்த முறை தயாரித்தது பேட்டரி எலிமினேட்டர். அந்தக் காலத்து வீட்டு ரேடியோக்கள் பேட்டரியில் ஓடின. சுவரில் வரும் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றி, அந்த பேட்டரிகளுக்குப் பதிலாக ரேடியோவுக்குக் கொடுக்கும் பெட்டிதான் எலிமினேட்டர். இந்தக் கம்பெனியும் 1928-இல் நொடித்துப் போய் ஏலத்துக்கு வந்தது.

மூன்றாவது ஆளாக இருந்தால் ஊரைப் பார்த்துப் போயிருப்பார். கால்வின் அந்த ஏலத்திலேயே போய் நின்று, எலிமினேட்டர் தொழிலை மட்டும் 750 டாலருக்கு எடுத்தார். 1928 செப்டம்பர் 25 அன்று தம்பி ஜோசப்போடு சேர்ந்து, ஐந்தே தொழிலாளர்களுடன் சிகாகோவில் கால்வின் மேனுஃபேக்சரிங் கார்ப்பரேஷனைத் தொடங்கினார்.

ஆனால் நேரடியாக ஏசியில் ஓடும் ரேடியோக்கள் சந்தைக்கு வந்ததும் எலிமினேட்டருக்கு மவுசு போய்விட்டது. 1929-இல் பங்குச் சந்தையும் சரிந்தது. அப்போதுதான் கார் ரேடியோ பக்கம் திரும்பினார். அதற்கு முன்பும் சில கார்களில் ரேடியோ இருந்தது. ஆனால் அதை மாட்டுவது பெரும் செலவு, பெரும் தலைவலி.

நம்ம துறைக்காரர்களுக்கு ருசியான இடம் இதுதான். வால்வு ரேடியோவின் ஃபிலமென்டைச் சூடாக்க காரின் 6 வோல்ட் பேட்டரி போதும். ஆனால் வால்வு வேலை செய்ய நூறு வோல்ட்டுக்கு மேல் தேவை. அதனால் 45 வோல்ட் உலர் பேட்டரிகளை வரிசையாகக் காரின் தரைக்கு அடியில் அடுக்கினார்கள். அடுத்த தொல்லை இரைச்சல். ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், ஜெனரேட்டர் எல்லாமே ரேடியோ காதில் பட்டாசு வெடிக்கும். கால்வினின் ஆட்கள் அவை ஒவ்வொன்றையும் ரெசிஸ்டர், கண்டென்சர் போட்டு அடக்கினார்கள். பிறகு சில வருஷங்களில் வைப்ரேட்டர் வந்தது. அதில் ஒரு உலோக நாக்கு வேகமாக அதிர்ந்து 6 வோல்ட் டிசியை விட்டு விட்டுக் கொடுக்க, டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர்த்தியது. உலர் பேட்டரி அடுக்கு ஒழிந்தது.

இடையில்தான் அந்தத் தீ. கடன் கேட்கப் போன கால்வின், பேங்க்காரர் மனசைக் கரைக்க அவருடைய பேக்கார்டு காரிலேயே ரேடியோ மாட்டிக் கொடுத்தாராம். கொஞ்ச நேரத்தில் கார் பற்றி எரிந்ததாம். கடன் கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்லணுமா?

மனுஷன் அசரவில்லை. 1930 ஜூனில் தன் ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோ மாட்டி, சுமார் 1,300 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு அட்லான்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர் மாநாட்டுக்குப் போனார். உள்ளே கடை போட வசதி இல்லை. வெளியே காரை நிறுத்தி சத்தத்தைக் கூட்டி வைத்தார். ஆர்டர்கள் வந்தன. மோட்டார் என்ற சொல்லோடு ஓலாவைச் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் மோட்டோரோலா. விலை 110 முதல் 130 டாலர். அன்றைக்கு அது சின்னக் காசு இல்லை, ஆனாலும் விற்றது.

இரண்டாம் உலகப் போரில் வீரர்கள் கையில் பிடித்துப் பேசிய ஹேண்டி டாக்கியை அவர் கம்பெனிதான் செய்தது. 1947-இல் கம்பெனியின் பெயரே மோட்டோரோலா ஆனது. 1959 நவம்பர் 5 அன்று கால்வின் காலமானார்.

அவர் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால், பேட்டரி, எலிமினேட்டர், கார் ரேடியோ என்று கடைசிவரை அவரைத் துரத்திய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கரண்ட் எங்கிருந்து, எப்படி வரும்? நாங்க அன்னைக்கு சத்தத்தை மட்டும்தான் யோசிச்சோம். 600 வாட் இழுக்கும் ஆம்ப் 13.8 வோல்ட்டில் சுமார் 43 ஆம்பியர் கேட்கும். பத்து ஹெட்லைட் பல்பை ஒரே மெல்லிசு வயரில் எரிய விடுவது மாதிரி. ஆல்டர்னேட்டருக்கு அவ்வளவு தெம்பு இல்லை என்றால் மீதி பேட்டரியில் இருந்து போகும். பேஸ் அடிக்கும்போது லைட் மங்குவது அதற்கான எச்சரிக்கை.

இப்போ மாமா வண்டியில் சின்ன ஆம்ப், தடிமனான செப்பு வயர், பெயின்ட் சுரண்டி பாடியில் இறுக்கின எர்த், பேட்டரியில் இருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் ஆம்ப்புக்குக் காவல் இல்லை, வயருக்குக் காவல் என்பது எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சது. அடுத்த மாசி மகத்துக்கும் எங்க வண்டியில் பாட்டு உண்டு. வயரிங்கை மட்டும் மாமா ஒரு தடவை பார்த்துட்டுத்தான் சாவியைத் தருவார்.