கடலை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்

கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தும் வண்ண மீன்களைக் கண்டு வியக்காதவர் யார்? இன்று பேரங்காடிகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் அத்தகைய தொட்டிகளைக் காண்கிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறாக இருந்தது. கடலில் பிடித்த உயிரினத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால், அது பெரும்பாலும் ஓரிரு நாள்களில் இறந்துவிடும். நீரும் நாற்றமெடுக்கும். நாள்தோறும் புதிய கடல்நீரை மாற்றி ஊற்றினால்தான் அதனைக் காப்பாற்ற முடியும். இந்தச் சிக்கலுக்குக் கடற்பாசியின் துணையுடன் தீர்வு கண்டவர்களுள் குறிப்பிடத்தக்கவர் பிலிப் ஹென்றி கோஸ்.

கோஸ், 1810-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஊர் ஊராகச் சென்று சிறிய உருவப்படங்களை வரைந்து பிழைத்த ஓவியர். குடும்பத்தில் வறுமை நிலவியது. பூல் என்னும் துறைமுக நகரில் வளர்ந்த சிறுவன் கோஸுக்கு, கடற்கரையே விளையாட்டுத் திடலாக அமைந்தது. பாறை இடுக்குகளில் பூப்போல் விரிந்திருக்கும் கடல் சாமந்தி ஒரு மலரன்று, ஓர் உயிரினம் என்பதை அவருக்குச் சொல்லித் தந்தவர் அவருடைய அத்தை. கண்ட உயிரினங்களை வரைந்து பழகும்படியும் அத்தை அவரை ஊக்குவித்தார். இளமையில் விதைக்கப்பட்ட அந்த ஆர்வம் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

பதினேழு வயதில், பிழைப்புக்காக அவர் அட்லாண்டிக் கடலைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குச் சென்றார். அங்கு ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். ஓய்வு நேரங்களில் பூச்சிகளைச் சேகரித்தார்; அவற்றை நுண்ணிதாக ஆராய்ந்து வரைந்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் கனடாவில் நிலம் வாங்கி உழவுத்தொழிலில் இறங்கினார். அது பலன் தரவில்லை. அதன் பிறகு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் சில மாதங்கள் ஆசிரியராக இருந்தார். 1839-ஆம் ஆண்டு தாயகம் திரும்பியபோது அவரிடம் பொருட்செல்வம் இல்லை. குறிப்பேடுகளும் ஓவியங்களும் மட்டுமே இருந்தன. அவையே அவருக்குக் கைகொடுத்தன. கனடாவின் இயற்கையைப் பற்றிய அவருடைய நூல் 1840-ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னர், ஜமைக்கா தீவில் பதினெட்டு மாதங்கள் தங்கிப் பறவைகளை ஆராய்ந்தார். இவ்வாறு, பல்கலைக்கழகப் படியேறாத ஒருவர் இயற்கை ஆய்வாளராக உயர்ந்தார்.

1848-ஆம் ஆண்டு எமிலி என்ற எழுத்தாளரை அவர் மணந்தார். மறு ஆண்டு மகன் எட்மண்ட் பிறந்தான். இரவு பகல் பாராது எழுதியதால் கோஸின் உடல்நலம் கெட்டது. ஆகவே, 1852-ஆம் ஆண்டு அவர் குடும்பத்துடன் டெவன் மாவட்டத்துக் கடற்கரைக்குச் சென்றார். ஓய்வெடுக்கச் சென்ற இடமே அவருடைய ஆய்வுக்கூடமாக மாறியது.

கடல் வற்றும் வேளையில் பாறைக் குழிகளில் நீர் தேங்கி நிற்கும். அக்குழிகளில் மீன்குஞ்சுகளும் இறால்களும் கடல் சாமந்திகளும் நலமாக வாழ்வதைக் கோஸ் கண்டார். அவற்றோடு கடற்பாசிகளும் செழித்து வளர்ந்திருந்தன. உயிரினங்கள் மூச்சு விடும்போது உயிர்வளி குறைகிறது; கரிவளி பெருகுகிறது. தாவரங்களோ வெளிச்சத்தில் கரிவளியை எடுத்துக்கொண்டு உயிர்வளியை வெளியிடுகின்றன. அப்படியானால், கண்ணாடிச் சாடியிலும் கடற்பாசியை வளர்த்தால் நீர் கெடாமல் இருக்குமல்லவா? இந்தக் கேள்வியே அவருடைய சோதனைகளுக்கு அடிப்படையாக அமைந்தது.

அக்காலத்தில் இவ்வாறு சிந்தித்தவர் அவர் மட்டுமல்லர். அன்னா தின் என்ற பெண்மணி 1840-களிலேயே பவளவகை உயிர்களையும் கடற்பாசியையும் இலண்டனில் தம் வீட்டில் ஒன்றாக வளர்த்தார். ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், நன்னீர்த் தொட்டியில் மீனும் செடியும் நத்தையும் ஒன்றையொன்று வாழவைப்பதை 1850-ஆம் ஆண்டு விளக்கினார். கோஸ், தம் சோதனைகளின் விளைவுகளை எளிய நடையில் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தார்.

சோதனைகள் எளிதாக வெற்றி பெறவில்லை. கரையில் ஒதுங்கிய பாசியை அள்ளிவந்து சாடியில் போட்டால் அது அழுகியது. அதனுடன் இருந்த உயிரினங்களும் மடிந்தன. கடற்பாசிக்கு மற்றச் செடிகளைப்போல் வேர் இல்லை. அது தன் உடல் முழுவதாலும் நீரிலிருந்து சத்தை உறிஞ்சுகிறது. பாறையைப் பற்றிக்கொள்ள மட்டும் அடியில் ஒரு பிடிப்பு உண்டு. அந்தப் பிடிப்பிலிருந்து பிய்த்தெடுத்தால் பாசி நலிந்துவிடும். இதனை உணர்ந்த கோஸ், சுத்தியலும் உளியும் ஏந்திக் கடற்கரைக்குச் சென்றார். பாசி ஒட்டியிருக்கும் பாறைத் துண்டையே பெயர்த்து எடுத்துவந்தார். அதன் பிறகே பாசி தொட்டியில் நிலைத்து வளர்ந்தது.

எல்லாப் பாசியும் தொட்டிக்கு ஏற்றதன்று என்பதையும் அவர் கண்டறிந்தார். கீரை இலைபோன்ற மெல்லிய பச்சைப் பாசிகளும் சில சிவப்புப் பாசிகளும் நீரைத் தூய்மையாக வைத்திருந்தன. ஆனால், பாறைகளை மூடி வளரும் பெரிய பழுப்புப் பாசிகள் வழவழப்பான கசிவை வெளியிட்டு நீரைக் கெடுத்தன. வெளிச்சமும் அளவறிந்து தரவேண்டியிருந்தது. வெளிச்சம் குறைந்தால் பாசி வாடியது. மிகுந்தால் கண்ணாடி முழுவதும் பச்சைப் படலம் படர்ந்தது. அந்தப் படலத்தை மேய்ந்து நீக்கும் கடல் நத்தைகளைக் கோஸ் தொட்டியில் விட்டார். புல்வெளியில் அரிவாள் செல்வதுபோல், நத்தையின் நாக்கு பச்சைப் படலத்தை வரிவரியாக வழித்தெடுப்பதை அவர் பூதக்கண்ணாடியின் வழியாகக் கண்டு மகிழ்ந்தார்.

1853-ஆம் ஆண்டு இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குத் தேவையான கடல்வாழ் உயிரினங்கள் பலவற்றைக் கோஸ் வழங்கினார். மறு ஆண்டு அவர் எழுதிய ‘தி அக்குவேரியம்’ என்ற நூல் வெளிவந்தது. அவரே வரைந்த வண்ணப் படங்கள் அந்நூலை அழகுபடுத்தின. இன்று உலகமெங்கும் வழங்கும் ‘அக்குவேரியம்’ என்ற சொல் நிலைபெற அந்நூலே முதன்மைக் காரணமாயிற்று. கடலுக்குத் தொலைவில் வாழ்வோரும் தொட்டி அமைக்க விரும்பினர். அவர்களுக்காக, நான்கு வகை உப்புகளை நீரில் கரைத்துச் செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையையும் அவர் வெளியிட்டார். 1856-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது.

புகழ் வந்த வேளையில் துயரமும் வந்தது. 1857-ஆம் ஆண்டு எமிலி புற்றுநோயால் காலமானார். மனைவியை இழந்த கோஸ், ஏழு வயது மகனை அழைத்துக்கொண்டு டெவன் கடற்கரைக்கே குடிபெயர்ந்தார். தந்தையும் மகனும் பாறைக் குழிகளில் குனிந்து தேடி, கண்ட உயிரினங்களை வரைந்தும் எழுதியும் வைத்தனர். பிரிட்டனின் கடல் சாமந்திகளைப் பற்றிய அவருடைய பெரும் நூல் அந்த ஆண்டுகளில்தான் உருவானது.

இதற்கிடையே, அவருடைய நூல்களைப் படித்தவர்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைக்கு வந்தார்கள். வாளியும் உளியுமாக வந்தவர்கள் பாறைகளைப் பெயர்த்தார்கள். பாசிகளையும் கடல் சாமந்திகளையும் அள்ளிச் சென்றார்கள். பராமரிக்கத் தெரியாதவர்களின் தொட்டிகளில் அவை மடிந்தன. பல நூற்றாண்டுகளாக யாரும் தொடாதிருந்த பாறைக் குழிகள் சில ஆண்டுகளிலேயே வெறுமையாயின. கடலின் அழகை எல்லாரும் காணவேண்டும் என்றுதான் கோஸ் எழுதினார். அந்த எழுத்தே அழகின் அழிவுக்கு வழிவகுத்ததைக் கண்டு அவர் மிகவும் மனம் வருந்தினார். எழுத்தாளராக வளர்ந்த மகன் எட்மண்ட், தந்தையின் அந்த வருத்தத்தைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

கோஸ் 1860-ஆம் ஆண்டு மறுமணம் செய்துகொண்டார். இறுதிவரை டெவனிலேயே வாழ்ந்து, 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் தம் எழுபத்தெட்டாம் வயதில் இயற்கை எய்தினார்.

அவர் தொடங்கிவைத்த பணி இன்றும் தொடர்கிறது. கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் பலர் கடற்பாசியை இன்றும் வளர்க்கின்றனர். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பாசி உறிஞ்சிக்கொள்கிறது. சிற்றுயிர்களுக்கு அது புகலிடமாகவும் சில மீன்களுக்கு உணவாகவும் பயன்படுகிறது. இருப்பினும், இரவில் பாசியும் உயிர்வளியையே பயன்படுத்துகிறது. ஆதலால், சிலர் பாசியைத் தனி அறையில் வளர்த்து, மீன்தொட்டியின் விளக்கை அணைக்கும் நேரத்தில் பாசி அறையின் விளக்கை ஏற்றுகின்றனர். பாசியை அவ்வப்போது வெட்டி நீக்காவிட்டால் அது பவளத்தையே மூடிவிடும். காலெர்ப்பா என்னும் பாசி, சில வேளைகளில் தன் உடலில் உள்ள அனைத்தையும் ஒரே நேரத்தில் நீரில் கொட்டிவிட்டு மடியும். அப்போது தொட்டி முழுவதும் கலங்கி, மீன்கள் மூச்சுத் திணறும்.

தொட்டியிலிருந்து கடலுக்குத் தப்பினால் கேடு இன்னும் பெரிது. 1984-ஆம் ஆண்டு மொனாக்கோவின் கடற்கரையருகே காலெர்ப்பா பாசியின் ஒரு வகை, ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் காணப்பட்டது. காட்சித்தொட்டியிலிருந்து வெளியேறியதாகக் கருதப்படும் அப்பாசி, பின்னர் மத்திய தரைக்கடலின் பல பகுதிகளில் பரவிக் கடற்புல்வெளிகளை மூடியது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாகும் என்பர் நம் முன்னோர். நீரைக் காக்கும் பாசி, அளவு மீறினால் நீரையே கெடுக்கிறது. கடலை நேசிக்கத் தூண்டிய நூலும், அளவறியாதவர் கையில் கடலை வெறுமையாக்கியது. கோஸின் வாழ்க்கை நமக்கு ஆர்வத்தை மட்டும் கற்பிக்கவில்லை. ஆர்வத்தோடு பொறுப்பும் வேண்டும் என்பதையும் உணர்த்துகிறது. அடுத்த முறை கடற்கரையில் ஒரு பாறைக் குழியைக் காணும்போது, குனிந்து பார்த்து மகிழ்வோம். அங்குள்ளதை அங்கேயே விட்டுவருவோம்.