மருத்துவர் அருகில் இல்லாதவர்களுக்காக நூல் எழுதிய மேதை அர்ராஸீ



ராஸீ என்ற பெயரைக் கேட்டதும், மத்ரஸாவில் ஓதியவர்களுக்குத் தஃப்ஸீர் கபீர் எழுதிய இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்களே நினைவுக்கு வருவார்கள். நாம் இங்கே எழுத முற்படுவது, அவர்களுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முன்பு வாழ்ந்த மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீயைப் பற்றியாகும். இருவரும் இன்றைய ஈரானில் தெஹ்ரானை அடுத்துள்ள ரய் நகரில் பிறந்தவர்கள். அவ்வூரைச் சார்ந்தவர் என்பதே ராஸீ என்பதன் பொருள். மருத்துவரான ராஸீயின் தத்துவக் கருத்துகள் சிலவற்றை உலமாக்கள் மறுத்துள்ளனர். அது வேறு துறை. நோயாளிகளுக்கு அவர் செய்த பணியை மட்டுமே நாம் இங்கு எடுத்துரைக்கிறோம்.

ஹிஜ்ரி 251இல் (கி.பி. 865) பிறந்த ராஸீ, இளமையில் ரசவாதத்தில் ஈடுபட்டிருந்தார். முப்பது வயதைக் கடந்த பின்னரே மருத்துவம் பயின்றார் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தாமதமாகத் தொடங்கினாலும் தளர்வின்றி உழைத்தார். முதலில் ரய் நகரிலும் பின்னர் பாக்தாதிலும், பீமாரிஸ்தான் எனப்பட்ட மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கினார்.

அவர் நோயாளிகளைப் பார்த்த முறையை இப்னுந் நதீம் தமது ஃபிஹ்ரிஸ்த் நூலில் வருணித்துள்ளார். ராஸீயின் முன்னே மாணவர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பார்கள். வரும் நோயாளி முதலில் சந்திக்கும் மாணவர்களிடம் தம் நிலையைக் கூறுவார். அவர்களுக்கு விளங்கினால் அவர்களே வழி சொல்வார்கள். விளங்காவிட்டால் அடுத்த வரிசையினரிடம் அனுப்புவார்கள். எவருக்கும் விளங்காதது இறுதியில் ராஸீயிடம் வந்து சேரும். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாமல், அறிந்தவரிடம் ஒப்படைப்பதே அந்தச் சபையின் ஒழுங்காக இருந்தது. ஏழைகளிடம் அவர் பெரிதும் இரக்கம் காட்டினார் என்றும், அவர்களுக்குப் பொருளுதவி செய்து தாமே அருகிருந்து பராமரித்தார் என்றும் அதே நூல் கூறுகிறது.

ராஸீ எழுதிய நூல்கள் மிகப் பல. பின்வந்த அறிஞர் அல்பீரூனீ அவற்றைத் தொகுத்து 184 நூல்களைப் பட்டியலிட்டார். ரய் நகர ஆளுநர் மன்ஸூர் இப்னு இஸ்ஹாக்கின் பெயரால் எழுதிய அல்மன்ஸூரீ அவற்றுள் ஒன்று. அவர் மறைந்த பின் அவருடைய குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்ட அல்ஹாவீ, கி.பி. 1279இல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவெங்கும் பரவியது. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு வேறு நோய்களாகப் பிரித்துக் காட்டி அவர் எழுதிய நூலும் புகழ்பெற்றது. கடும் முதுகுவலி பெரியம்மையில் மிகுதி என்றும், குமட்டலும் மனக்கலக்கமும் தட்டம்மையில் மிகுதி என்றும் நோயாளியின் அருகிலிருந்து கண்டு குறித்தார்.

ஆயினும் நம் உள்ளத்தைத் தொடுவது வேறொரு நூலாகும். மன் லா யஹ்ளுருஹுத் தபீப் என்பது அதன் பெயர். மருத்துவர் அருகில் இல்லாதவருக்கு என்பது பொருள். ஆளுநருக்காக நூல் எழுதிய அதே கரம், மருத்துவரை அழைக்க வசதியற்ற ஏழைக்கும் வழியில் நோயுற்ற பயணிக்கும் இந்நூலை எழுதியது. தலைவலி, சளி, இருமல், வயிற்றுக்கோளாறு போன்றவற்றுக்கு, சமையலறையிலும் கடைத்தெருவிலும் எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்யக்கூடியவற்றை அதில் விளக்கினார்.

மருந்தை மக்கள் கையில் கொடுத்த ராஸீ, மருந்து விஷயத்தில் மிகுந்த அச்சமுடையவராகவும் இருந்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. உணவை ஒழுங்குபடுத்தித் தீர்க்க முடிந்தால் மருந்து கொடுக்கலாகாது, தனி மருந்தால் தீர்ந்தால் கூட்டு மருந்து கொடுக்கலாகாது என்பது அவரது கொள்கை. பாதரசத்தின் விளைவை அறியத் தம்மிடமிருந்த குரங்குக்கு அதைக் கொடுத்துக் கவனித்தார். மூளை உறை அழற்சிக்கு இரத்த நாளத்தைக் கீறி இரத்தம் வெளியேற்றுவது பயன் தருமா என்பதை அறிய, ஒரு கூட்டத்தாருக்கு அதைச் செய்து, மற்றொரு கூட்டத்தாருக்குச் செய்யாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டார். அதில் அவர் கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. பாதரசமும் நஞ்சென்று இன்று நன்கறியப்பட்டுள்ளது. ஆனால் சோதித்து அறியாமல் பிறர் உடலில் மருந்தைச் செலுத்தலாகாது என்ற அவரது எண்ணம் இன்றும் நிலைத்து நிற்கிறது.

போலி மருத்துவர்களின் தந்திரங்களையும் அவர் எழுதி எச்சரித்தார். பல்லிலிருந்தும் காதிலிருந்தும் புழு எடுப்பதாகவும், நாவின் கீழிருந்து தவளை எடுப்பதாகவும் சிலர் நடித்தனர். அவற்றை முன்னரே மறைத்து வைத்து எடுத்துக் காட்டினர் என்பதை வெளிப்படுத்தினார். பல்லில் பூச்சி எடுப்போரையும், வயிற்றில் இட்ட மருந்தை எடுப்பதாகச் சொல்வோரையும் நம் ஊர்களில் கண்டவர்களுக்கு, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இச்செய்தி வியப்பளிக்காது.

இறுதிக் காலத்தில் ராஸீயின் கண்ணொளி மறைந்தது. ஓயாத வாசிப்பும் ரசவாதப் புகையும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. சிகிச்சை செய்ய வந்தவரிடம் கண்ணில் எத்தனை படலங்கள் உள்ளன என்று அவர் வினவினார், வந்தவருக்குத் தெரியாததால் சிகிச்சையை மறுத்துவிட்டார் என்றொரு செய்தி வழங்கி வருகிறது. ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) தாம் பிறந்த ஊரிலேயே மறைந்தார்.

அன்பர்களே! ராஸீயின் காலத்தில் மருத்துவர் இல்லாத குறை இருந்தது. இன்று நம் வீடுகளில் மருந்து மிகுந்துவிட்ட குறை உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டிலேயே நிகழ்ந்ததை மறைக்காமல் கூறுகிறோம். ஓர் இரவு இளைய குழந்தைக்குக் கடும் இருமல். மூத்த பிள்ளைக்கு முன்பு வாங்கிய மருந்து அலமாரியில் மீதமிருந்தது. சமையலறைக் கரண்டியில் கணக்கின்றி ஊற்றிப் புகட்டினோம். விடிந்த பின் எழுப்பியும் குழந்தை கண் திறக்கவில்லை. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அல்லாஹ்வின் அருளால் மாலையில் தெளிந்தது. அந்த வயதுக் குழந்தைக்கு அம்மருந்தே கூடாதென்று மருத்துவர் கடிந்தபோது, மிம்பரில் அமானிதம் பற்றிப் பேசும் நாம் தலைகுனிந்து நின்றோம். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் அதனால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாவார் என்ற ஹதீஸின் கருத்து, அன்றுதான் நமக்கு முழுமையாக விளங்கியது.

ஆகவே ஒருவருக்கு எழுதிய மாத்திரையை, அதே காய்ச்சல் என்று எண்ணி மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். குழந்தையின் மருந்தை அதனுடன் வரும் அளவு மூடியாலேயே அளந்து கொடுங்கள். குழந்தைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுக்காதீர்கள். முதியோருக்குப் பல மாத்திரைகள் இருப்பின், எதை எவ்வேளை கொடுப்பதென்று தாளில் எழுதி வையுங்கள். காலாவதித் தேதி கடந்ததை அகற்றிவிடுங்கள். எல்லா மருந்துகளையும் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

மஃரிபுக்குப் பின் நோயுற்ற குழந்தையைப் பள்ளிவாசலுக்கு ஓதிப்பார்க்கக் கொண்டு வருவோரிடம் நாம் முதலில் கேட்பது, மருத்துவரிடம் காட்டினீர்களா என்பதேயாகும். துஆவும் செய்வோம், மருத்துவமும் செய்வோம். ராஸீயின் சபையில் இருந்த ஒழுங்கு நம் வீடுகளிலும் நிலவட்டும். தெரிந்ததைச் செய்வோம், தெரியாததை அறிந்தவரிடம் ஒப்படைப்போம்.

நம் இல்லங்களிலுள்ள நோயாளிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அளிப்பானாக. ஆமீன்.