பேச்சுக் கொடுத்த சுவாமிகள்

தமிழ் நாடக உலகில் சுவாமிகள் என்று மட்டும் சொன்னால் போதும். அது தூத்துக்குடி தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளைத்தான் குறிக்கும். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர் அவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் ஆகியவை கிராமத்துத் திருவிழா மேடைகள் வரை சென்று பிரசித்தமாயின. ஆனால் அவர் வாழ்க்கையின் பெரிய காரியம் எழுத்து அல்ல. வாய் திறக்கக் கூசிய சிறுவர்களைச் சபை நடுவே நிமிர்ந்து பேச வைத்ததுதான்.

1867-ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தை தாமோதரத் தேவர் தமிழறிந்தவர். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியம் பயின்ற பின், உப்புப் பண்டகசாலையில் கணக்கு வேலை பார்த்தார். மனம் அதில் ஒட்டவில்லை. 24-ஆம் வயதில் நாடக சபையில் சேர்ந்தார்.

எமன், சனீஸ்வரன், இராவணன், இரணியன் போன்ற வேடங்களில் அவரைக் கண்டு ஜனங்கள் நடுங்கினார்கள். அவருடைய கோர வேடத்தைப் பார்த்த அதிர்ச்சியில் ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாகவும், அந்த வேதனையிலேயே அவர் வேடம் போடுவதை விட்டதாகவும் சொல்வார்கள். துறவு பூண்டு தல யாத்திரை போனார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் தாளத்தின் நுட்பங்களைக் கற்றார். திரும்பி வந்தபோது ஆசிரியராக வந்தார்.

அக்கால மேடையில் நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். ஒருவரை ஒருவர் மடக்குவதே பெரிய வேடிக்கை. கதை எங்கோ போய்விடும். எழுதிய வசனத்தைப் பேசுங்கள் என்றால் கேட்கும் நிலையில் பெரியவர்கள் இல்லை. எனவே சிறுவர்களிடம் திரும்பினார் சுவாமிகள். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். பெண் வேடம் போட்டுப் பெயர் பெற்ற கண்ணுசாமிப் பிள்ளை, தம் புதல்வர்கள் சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோருடன் அதில் சேர்ந்தார். சண்முகத்துக்கு அப்போது 6 வயது. பிற்காலத்தில் ஔவை சண்முகம் என்று நாடு கொண்டாடியது அந்தப் பிள்ளையைத்தான்.

நாடகக்காரர்கள் தங்கள் வசனத்தைப் பாடம் என்பார்கள். கற்றுக் கொடுப்பவரை வாத்தியார் என்பார்கள். அந்தச் சொற்கள் பொருத்தமானவையே. ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் ஒவ்வொரு எழுத்தும் விழ வேண்டும். லகர, ளகர, ழகரம் பிறழக் கூடாது. பாட்டு தாளத்தை விட்டு நழுவக் கூடாது. அத்தனையும் மனப்பாடம். அடுத்த சொல் என்ன என்று தெரிந்த பையனுக்குப் பயம் எங்கிருந்து வரும்? அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் சுவாமிகள் என்று சண்முகம் பதிவு செய்திருக்கிறார்.

இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் நேர்முகத் தேர்வுக்கு வந்து உட்காரும் பிள்ளைகளில் பலர், வேலை தெரிந்தும் பேச நா எழாமல் விழிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நாடகம் என்பது பெரும்பாலும் ஆண்டு விழாவோடு சரி. சுவாமிகளின் பாடத்தில் ஒரு பங்காவது வகுப்பறைக்கு வரக் கூடாதா?

பாலர் சபைகள் எல்லாமே சொர்க்கம் என்று எண்ணிவிட வேண்டாம். பல கம்பெனிகளில் பிரம்படி சர்வசாதாரணம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை இழந்தார்கள். தாயைப் பிரிந்து ஊர் ஊராக அலைந்தார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்று வரை ராஜபார்ட் போட்டவன் இன்று மூலையில் நிற்பான். நாடகத்துக்காகப் பள்ளியை விட வேண்டியிருந்த காலம் அது.

கடைசிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முடங்கின, பேச்சும் போயிற்று. எத்தனையோ பிள்ளைகளுக்கு உச்சரிப்புத் திருத்திய நாவு அசையவில்லை. அவர் எழுதிய வசனங்களை மட்டும் பாலர்கள் மேடையில் கணீரென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

1922 நவம்பர் 13-ஆம் தேதி புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார். சண்முகத்துக்கு அப்போது வயது 10. மூன்றாண்டுகள் கழித்து, 1925-ல், அந்தச் சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் சொந்தமாக ஒரு பால சபையைத் தொடங்கினார்கள்.