தியோடர் எஷெரிக்

தியோடர் எஷெரிக் (நவம்பர் 29, 1857 - பெப்ரவரி 15, 1911) ஜெர்மனியில் பிறந்து ஆஸ்திரியாவில் பணியாற்றிய குழந்தை நல மருத்துவரும் நுண்ணுயிரியல் ஆய்வாளரும் ஆவார். கடற்கரை நீர் குளிப்பதற்கு ஏற்றதா என அறிய இன்று சோதிக்கப்படும் எஷரிக்கியா கோலை (ஈ.கோலை) என்னும் பாக்டீரியாவைக் கண்டறிந்தவர் இவரே.

இளமை

எஷெரிக் பவேரியாவிலுள்ள ஆன்ஸ்பாக் நகரில் பிறந்தார். இவரது தந்தையும் ஒரு மருத்துவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். மருத்துவம் பயின்றபின் வூர்ட்ஸ்பர்க் நகர மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தார். 1884 இல் இத்தாலியின் துறைமுக நகரான நேப்பிள்ஸில் காலரா பரவியபோது அங்கு சென்று ஆய்வுப் பணியில் ஈடுபட்டார்.

கண்டுபிடிப்பு

அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் ஏராளமான கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்தன. அதன் காரணத்தை அறிய, நலமான குழந்தையின் குடலில் வாழும் நுண்ணுயிர்களை முதலில் அறியவேண்டும் என எஷெரிக் கருதினார். மியூனிக்கில் பச்சிளங்குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தார். பிறந்தவுடன் வெளியேறும் மலத்தில் பாக்டீரியாக்கள் காணப்படவில்லை; சில மணி நேரங்களிலேயே அவை தோன்றின. எனவே அவை வெளியிலிருந்து வருகின்றன என்று முடிவு செய்தார். அவற்றுள் கோல் வடிவமான ஒன்றுக்கு, குடலில் பொதுவாகக் காணப்படுவது என்னும் பொருளில் பாக்டீரியம் கோலை கம்யூன் எனப் பெயரிட்டு 1885 இல் வெளியிட்டார்.

பிற்கால வாழ்க்கை

1890 இல் கிராஸ் நகரிலும், 1902 இல் வியன்னாவிலும் குழந்தை மருத்துவத் துறைப் பொறுப்பை ஏற்றார். இவரது மகன் பத்து வயதில் இறந்தான். 1903 இல் வியன்னாவில் கைக்குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கித் தாய்ப்பால் ஊட்டுதலை வலியுறுத்தினார். 53 ஆம் அகவையில் வியன்னாவில் காலமானார்.

பெயர்

இலங்கையில் பணியாற்றிய மருத்துவர்களான ஆல்டோ காஸ்டெல்லானி, ஆல்பர்ட் சால்மர்ஸ் ஆகியோர் 1919 இல் இப்பாக்டீரியாவின் பேரினத்துக்கு எஷரிக்கியா எனப் பெயர் சூட்டினர். அவ்வாறு பெயரிடப்பட்டதை எஷெரிக் அறியவில்லை. அப்போது அவர் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நீர்த் தரச் சோதனை

ஈ.கோலையின் பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை. ஆயினும் அது மனிதர், விலங்குகளின் குடலில் வாழ்வதால், நீரில் அது காணப்பட்டால் மலக்கழிவு கலந்துள்ளது எனக் கொள்ளலாம். 1892 இல் ஃபிரான்ஸ் ஷார்டிங்கர் இதனை மாசுபாட்டின் அடையாளமாகப் பயன்படுத்தப் பரிந்துரைத்தார். கழிவுடன் வரும் நோய்க்கிருமிகள் ஒவ்வொன்றையும் தேடுவதைவிட இவ்வழி எளிது. அத்தகைய நீரில் நீந்துவோருக்கு வயிற்றுப்போக்கு, காது, கண், தோல் தொற்றுகள் ஏற்படக்கூடும்.

இந்தியாவில் கடலில் குளிக்கும் இடங்களுக்கு 100 மில்லிலிட்டரில் 100 மலக் கோலிஃபார்ம்கள் (ஈ.கோலை உள்ளிட்ட தொகுதி) என்பது அளவுகோல். வைகை போன்ற ஆறுகளில் குளிக்கும் இடங்களுக்கு விரும்பத்தக்க அளவு 500, உச்ச அளவு 2500 ஆகும். 2021 இல் நீலக்கொடிச் சான்று பெற்ற சென்னை அருகிலுள்ள கோவளம் கடற்கரை போன்ற இடங்களுக்கு ஈ.கோலை 250, குடல் என்டரோகாக்கை 100 என்பன வரம்புகள். உப்பும் சூரிய ஒளியும் ஈ.கோலையை விரைவில் அழிப்பதால், கடல்நீரில் அதைவிட நெடுநேரம் தாங்கும் என்டரோகாக்கையும் சேர்த்து எண்ணப்படுகின்றன. மழைக்குப் பின்னரும், கூவம், அடையாறு போன்ற முகத்துவாரங்களின் அருகிலும் கழிவுநீர் கடலில் கலப்பதால் அங்கு நீந்துவதைத் தவிர்ப்பது நல்லது.