பி. ஆர். பந்துலு

பி. ஆர். பந்துலு (ஜூலை 26, 1910 - அக்டோபர் 8, 1974) தென்னிந்தியத் திரைப்பட இயக்குநர், தயாரிப்பாளர், நடிகர் ஆவார். தமிழ், கன்னடம் ஆகிய இரு மொழிகளிலும் பல படங்களை இயக்கினார். ஐரோப்பியர் இந்தியாவில் ஆட்சி அமைத்த வரலாற்றைக் கதைப்படங்களாக எடுத்தவர்களுள் முதன்மையானவர்.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் அப்போதைய மைசூர் அரசின் கோலார் பகுதியைச் சேர்ந்தவர். கோலார் மாவட்டம், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பேரிகை, ஒசூர் ஆகிய எல்லைப் பகுதிகளுக்கு அண்மையில் உள்ளது. நாடக நடிகராக இருந்த பந்துலு, 1936 இல் வெளியான சம்சார நௌகா என்ற கன்னடப் படத்தில் எம். வி. ராஜம்மாவுடன் நடித்தார். பின்னர் பத்மினி பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1957 இல் வெளிவந்த தங்கமலை ரகசியம் இவர் இயக்கிய தொடக்ககாலப் படங்களுள் ஒன்று.

வரலாற்றுத் திரைப்படங்கள்

1799 இல் கயத்தாறில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர் பானர்மேனால் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரரின் கதையை வீரபாண்டிய கட்டபொம்மன் (1959) என்ற பெயரில் பந்துலு படமாக்கினார். சக்தி கிருஷ்ணசாமி எழுதிய நாடகமே இதற்கு அடிப்படை. கெவா கலரில் படம்பிடிக்கப்பட்டு, டெக்னிகலர் முறையில் வெளியிடப்பட்டது. 1960 இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் இப்படத்திற்காகச் சிவாஜி கணேசன் சிறந்த நடிகர் விருதையும், ஜி. ராமநாதன் இசைக்கான விருதையும் பெற்றனர். கலெக்டர் ஜாக்சனுடன் கட்டபொம்மன் வாதிடும் காட்சியின் உரையாடல் நாடக ஆசிரியரின் ஆக்கமாகும். கம்பெனியின் ஆவணங்களில் உள்ளதன்று. எனினும் தமிழ் மக்கள் பலருக்கு அந்நிகழ்வு இக்காட்சியின் வழியாகவே அறிமுகமானது.

1961 இல் கித்தூர் சென்னம்மா என்ற கன்னடப் படத்தை இயக்கினார். இது 1824 இல் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட அரசியைப் பற்றியது. அதே ஆண்டில், ம. பொ. சிவஞானத்தின் நூலைத் தழுவி, வ. உ. சிதம்பரம்பிள்ளையின் வாழ்க்கையைக் கப்பலோட்டிய தமிழன் என்ற பெயரில் எடுத்தார். 1906 இல் தொடங்கப்பட்ட சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்துக்கும் இடையிலான போட்டியை இப்படம் காட்டுகிறது. தேசிய விருது பெற்றபோதிலும் வணிக அடிப்படையில் இப்படம் தோல்வியுற்றது. தயாரிப்பாளரான பந்துலுவுக்கு இழப்பு ஏற்பட்டது. பிற்காலத்தில் இது சிறந்த வரலாற்றுப் படங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது.

ஐரோப்பிய வரலாற்றுத் தழுவல்

எம். ஜி. ஆர். நடித்த ஆயிரத்தில் ஒருவன் (1965), 1935 ஆம் ஆண்டின் கேப்டன் பிளட் என்ற ஆலிவுட் படத்தின் தாக்கத்தில் உருவானது. அப்படத்தின் பின்னணி, இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்சுக்கு எதிராக 1685 இல் எழுந்த மான்மத் கிளர்ச்சி ஆகும். கிளர்ச்சியாளருக்கு மருத்துவம் செய்தமைக்காக அடிமையாக விற்கப்படும் ஆங்கில மருத்துவர், தமிழில் நெய்தல் நாட்டு மருத்துவர் மணிமாறன் ஆனார். ஆங்கில வரலாற்றுக்குரிய பெயர்களும் இடங்களும் நீக்கப்பட்டு, கொடுங்கோன்மைக்கும் அடிமைமுறைக்கும் எதிரான கதையே எஞ்சியது.

இறுதிக் காலம்

மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன் படத் தயாரிப்பின்போது 1974 இல் பந்துலு காலமானார். அப்படம் எம். ஜி. ஆரின் இயக்கத்தில் நிறைவுற்று 1978 இல் வெளியானது. ஒளிப்பதிவாளர் பி. ஆர். விஜயலட்சுமி இவருடைய மகள் ஆவார்.