உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு

உழவின் பெருமையைப் பாடிய புலவர் தமிழிற் பலர். உழவனுடைய மின்சாரக் கணக்கை எடுத்துப் பேசியவரோ மிகச் சிலர். அச்சிலருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர், கோயம்புத்தூரை அடுத்த வையம்பாளையம் என்னும் சிற்றூரில் 1925 ஆம் ஆண்டு பிறந்த நாராயணசாமி நாயுடு அவர்கள்.

கோவை நாட்டின் பெரும்பகுதி, நம் வடமராட்சியைப் போலவே கிணற்றை நம்பி வாழ்வது. ஆனால் நமது கிணறு சுண்ணக்கல்லில் ஆழமின்றிக் கிடப்பது. அங்கோ கரும்பாறையைப் பிளந்து ஆழத்திலிருந்து நீர் எடுத்தல் வேண்டும். நாம் துலா மிதித்த காலத்தில் அவர்கள் மாடு பூட்டிக் கவலை இறைத்தனர். 1932 இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், மின்சார இயந்திரங்கள் சிறிது சிறிதாகக் கிணற்றடிக்கு வந்தன. அன்று முதல் மின்சாரத்தின் விலையே தண்ணீரின் விலையாயிற்று.

1970 இல் அரசாங்கம் அலகொன்றுக்கு 8 பைசாவாயிருந்த கட்டணத்தை 10 பைசாவாக்கியது. இரண்டு பைசாதானே என்று பட்டணத்தார் நினைக்கலாம். ஐந்து குதிரைவலு இயந்திரம் மணிக்கு ஏறக்குறைய நான்கு அலகு கொள்ளும். நாளுக்குப் பத்து மணி நேரமாக நூறு நாள் இறைத்தால் எண்பது ரூபா மேலதிகச் செலவு. அக்காலத்தில் அது சிறு தொகையன்று. 2022 இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது இறைப்பை நிறுத்திய நம் தோட்டக்காரருக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை.

நாயுடு அவர்கள் விவசாயிகளைத் திரட்டினார். பெருமாநல்லூரில் 1970 யூன் 19 ஆம் நாள் பொலிசாரின் துப்பாக்கிக்கு மூவர் பலியாயினர். பின்னர்க் கட்டணத்தில் ஒரு பைசா குறைந்தது. ஒரு பைசாவுக்கு மூன்று உயிர்!

1972 இற் போராட்டம் மீண்டும் மூண்டது. பாலும் காய்கறியும் நகரத்துக்குப் போகாது நின்றன. ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகள் கோவைத் தெருக்களை நிறைத்து நிற்க, நகரம் அசைவற்றுப் போயிற்று. ஆயுதம் ஏதுமின்றி வண்டியையும் மாட்டையும் கொண்டே ஓர் அரசைப் பேச்சுக்கு அழைத்த அச்செயலே அவர் வாழ்வின் உச்சம் என்பது என் எண்ணம். எனினும் அவ்வாண்டு யூலை 5 ஆம் நாள் பதினைந்து விவசாயிகள் சுடப்பட்டு மாண்டனர்.

1982 இல் அவர் உழவர் உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். சங்கத்தில் அவருக்கிருந்த செல்வாக்குத் தேர்தலில் அமையவில்லை. 1984 டிசம்பர் 21 இல், தேர்தற் பிரசாரத்துக்காகச் சென்ற கோவில்பட்டியில் காலமானார்.

அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டிற் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. எல்லா விவசாயிகளுக்கும் இலவசமானது 1990 இல். அதை அவர் காணவில்லை. கட்டணம் போனபின் வேறொரு தொல்லை வந்தது. இலவச இணைப்புக் கேட்டு மனுக் கொடுத்தோர் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கலாயினர். 2021 இல் ஓராண்டுக்குள் ஒரு இலட்சம் இணைப்பு வழங்கும் திட்டம் தொடங்கியபோது, வரிசையில் நின்றோர் நான்கு இலட்சத்துக்கும் மேல்.